லீலாவின் தட்டு

என் மகளுக்கு,

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கே இன்னும் பதினெட்டு முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதும் தாய் தகப்பன்கள் எல்லாம் தலை நரைத்த பிறகுதான் எழுதுவார்கள். பிள்ளைக்குக் கல்யாணம், பிள்ளை வெளியூர் போகிறது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். என் காரணம் வேறு. நாளை மறுநாள் நான் விமானம் ஏறினால், அதற்குப் பிறகு என்னை வீட்டில் வேறு பெயரில் கூப்பிடுவார்கள். உன் அம்மாவின் பெயர் லீலா என்று உனக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். நானும் பழகிப்போய் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும். அதற்கு முன்னால், லீலா யார், நான் யார் என்று உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

வீட்டில் கரண்ட் இல்லை. கொசுவலைக்குள் குப்புறப் படுத்து, போன் வெளிச்சத்தைத் துணியால் மூடிக்கொண்டு எழுதுகிறேன். ரங்கூன் ஓரத்தில், தாகேதாவில் எங்கள் வீடு ஒரே அறைதான். கையை நீட்டினால் அம்மாவின் கால் படும். அம்மாவும் அப்பாவும் தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. நான் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் வகுப்புக்குப் போய்ப் படித்தேன், அலுத்துக்கொண்டே. இந்த வீட்டில் எதையும் ஒளித்து வைக்க இடம் கிடையாது. தமிழில் எழுதினால் மட்டும் ஒளிந்துவிடும். நீயும் படித்து வைத்துக்கொள்.

அப்பா சமையல்காரர். ஆற்றோரப் போட்டாதாங்கில், படகுத்துறைக்குப் போகிற லாரிகள் திரும்பும் சந்துக்குள் ஒரு ஜெர்மன் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. கதவைத் திறந்து உள்ளே போனால் ரங்கூன் மறைந்துவிடும். சுவரெல்லாம் கறுத்த மரப்பலகை, மான் கொம்புகள், கட்டம் போட்ட மேஜைத்துணி, இரண்டு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாத பெஞ்சுகள். கடைக்காரர் ஜெர்மன்காரர். ஊர் நிலைமை கெட்டதும் சாவியை மேனேஜரம்மா டோ ஸானிடம் கொடுத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. சர்வர் பையன்கள் ஒவ்வொருவராகத் தாய்லாந்துக்குப் போய்விட்டார்கள். அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் தட்டுத் தூக்க நான் போக ஆரம்பித்தேன். பாதி நாள் கடைக்கு யாருமே வரமாட்டார்கள். அப்பா உருளைக்கிழங்கை வேகவைத்துப் பிசைந்து, கொழுக்கட்டைக்கு உருட்டுவதுபோல உருட்டி வைத்துக் காத்திருப்பார்.

அந்த மனிதர் முதலில் வந்தது மழை விடாமல் பெய்த ஒரு சாயங்காலம். ஷூவை மிதியடியில் நன்றாகத் துடைத்துவிட்டு, பழகின வீட்டுக்குள் நுழைவதுபோல நேராக மூலை மேஜைக்குப் போனார். என் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் தமிழில் பேசினார்.

"தமிழ்ப் பிள்ளையா? உங்கப்பா யாரு?"

"உள்ள சமைக்கிறாரு அங்கிள்."

"மாமான்னு கூப்பிடு. நானும் நம்ம ஆளுதான். ஆத்துக்கு அந்தப் பக்கம் தன்லியின்ல பொறந்து, கப்பல்ல போயி ஜெர்மனியில எறங்குனவன்." மெனுவைத் திறக்காமலே சொன்னார்: மாவில் புரட்டிப் பொரித்த கோழிக்கறி, கிழங்கு உருண்டை, சிவப்புக் கோஸ், ஆப்பிள் மசியல். எல்லாம் இரண்டு தட்டு.

"இன்னொருத்தர் வராங்களா மாமா?"

"வந்தாச்சும்மா," என்று சொல்லி எதிர் நாற்காலியை இழுத்துவிட்டார்.

நான் சமையலறைக்கு ஓடினேன். டோ ஸான் சிரித்தாள். "வருஷா வருஷம் இந்த மழையில வருவார். உங்கப்பா இந்த வேலைக்கு வந்த பிறகு இதுதான் முதல் தடவை. பயப்படாதே, அந்த இன்னொரு ஆள் சாப்பாட்டைக் குறை சொன்னதே இல்லை," என்றாள் பர்மியில். அப்பா தட்டு நீட்டுகிற ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அந்த மனிதர் பையிலிருந்து ஒரு புதுச் சட்டையை எடுத்து எதிர் நாற்காலியின் முதுகில் போட்டார். கண்ணாடி வளையல், ரிப்பன், ஒரு முழம் மல்லிகை எல்லாவற்றையும் எதிர்த் தட்டின் பக்கத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "கன்னிக்குப் படைக்கிறாரு," என்றார் அப்பா மெதுவாக.

உனக்கு இது தெரியாமல் போகலாம், அதனால் சொல்கிறேன். கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளையை நாம் கன்னி என்று வைத்துக் கும்பிடுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை அவளுக்குப் பிடித்ததைச் சமைத்து, புதுத்துணி வைத்துப் படைப்போம். படைத்த துணியை வீட்டில் இருக்கிற ஒரு சிறுமி உடுத்த வேண்டும். அம்மாவின் தங்கை ஒன்பது வயதில் போய்ச் சேர்ந்தவள். அவளுடைய பாவாடையைத்தான் சின்ன வயதில் நான் வருஷா வருஷம் கட்டினேன். நான் வளர்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அதனால் அவர் சாப்பிட்டு முடித்து, அந்தச் சட்டையை என்னிடம் நீட்டி, "நீ போட்டுக்கம்மா," என்றபோது எனக்குப் பயம் எதுவும் வரவில்லை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். படைத்த கோழிக்கறியையும் அப்பாவும் நானும் பகிர்ந்து சாப்பிட்டோம்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். தோள், கை, இடுப்பு, எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. அம்மா தையலை உள்பக்கம் திருப்பித் தடவிப் பார்த்தாள்.

"அந்தப் பிள்ளை எத்தனை வயசுல போச்சாம்?"

"பதினொண்ணு," என்றார் அப்பா. அவருடைய மகள் லீலா ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். சொந்த ஊரைக் காட்ட ஒருமுறை கூட்டிக்கொண்டு வந்தார்களாம். நம் சாப்பாட்டுக் காரம் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கடைச் சாப்பாடு மட்டும்தான் இறங்கியது. ஒரு வாரத்தில் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். அந்த மனிதர் டோ ஸானிடம் சொன்னதை அவள் அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

"பதினொரு வயசுப் பிள்ளைக்கா இந்தச் சட்டை?" என்றாள் அம்மா.

அவர் வருஷம் ஒரு அளவு கூட்டி வாங்குகிறாராம். இருந்திருந்தால் இப்போது எவ்வளவு உயரம் இருப்பாளோ அந்த அளவு. அவர் ஊர்த் துணிக்கடைக்காரி, உங்கள் பெண் வேகமாக வளர்கிறாள் என்பாளாம். அம்மா சட்டையை மடித்து என் பக்கம் தள்ளினாள். "கன்னி வளரமாட்டா. என் தங்கச்சி இன்னும் ஒம்பது வயசுலதான் இருக்கா. அப்படித்தான் இருக்கணும்," என்றாள்.

அவர் அந்த வாரம் ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார். இரண்டு தட்டுக் கேட்பார். கொஞ்ச நாள் கழித்து, "நின்னுக்கிட்டே இருக்கியே, உட்காரு," என்று எதிர் நாற்காலியைக் காட்டினார். கடையில் வேறு யாரும் இல்லை. டோ ஸானும் உட்கார் என்று தலையாட்டினாள். நான் உட்கார்ந்தேன். ஆப்பிள் மசியலைக் கறியோடு தொட்டுச் சாப்பிடச் சொன்னார். இனிப்பும் கறியும் சேர்ந்து குமட்டியது. அவர் லீலாவைப் பற்றிப் பேசினார்: யோசிக்கும்போது பின்னல் நுனியைக் கடிப்பாள், தூக்கத்தில் சிரிப்பாள், மழைச் சத்தம் கேட்டால் ஜன்னலைத் திறந்துவிடுவாள். எனக்கு அதைக் கேட்கப் பிடித்திருந்தது. அதை உன்னிடம் மறைக்கமாட்டேன். நம் வீட்டில் யாரும் ஒரு பிள்ளையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசமாட்டார்கள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போடும்போது வாயில் முடி தட்டியது. பின்னல் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தேன். அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை, நாக்கு ஆப்பிள் மசியலைத் தேடியது. டோ ஸானிடம் சொன்னேன். "உனக்குள் இருந்து யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்," என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு பெஞ்சைத் துடைக்கப் போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் ஆரஞ்சுப் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் தரையில் பாயில் உட்கார்ந்து, என்னைத் தன் பெண்ணாக ஜெர்மனிக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். முதலில் மொழி படிக்கிற விசாவில் போகலாம், பிறகு காலேஜ், எல்லாச் செலவும் தன்னுடையது. அப்பா அம்மாவைப் பார்த்தார். அவர்கள் நினைத்தது எனக்குத் தெரியும். இது பதினெட்டு முடிந்த பையன்களைப் பட்டாளத்துக்குக் கட்டாயமாகக் கூப்பிடுகிற காலம். என் அண்ணன் அதற்குத் தப்பத்தான் எல்லை தாண்டிப் போனான். போன் வந்து பல மாதமாகிறது. அடுத்தது பெண்பிள்ளைகள் என்று எங்கள் சந்தில் பேசிக்கொள்கிறார்கள். அன்றைக்கு எனக்குப் பதினெட்டு முடிய மூன்று மாசம்தான் இருந்தது. அண்ணன் போனதிலிருந்து அப்பா எதற்கும் 'உயிரோட இருந்தா போதும்' என்ற ஒன்றைத்தான் சொல்கிறார்.

"ஒண்ணே ஒண்ணு. வீட்டுல லீலான்னு கூப்பிடுவோம். அவளும் அதுக்கு ஏன்னு கேக்கணும்," என்றார் அந்த மனிதர்.

இதைக் கேட்டு யாரும் அதிரவில்லை. ஏன் என்று உனக்கு விளங்க வேண்டும். இங்கே தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் இரண்டு பெயர் உண்டு, பர்மியில் ஒன்று, தமிழில் ஒன்று. பள்ளிக்கூடத்திலும் அடையாள அட்டையிலும் நான் திரி வின். வீட்டில் வள்ளி. அப்பாவுக்கும் இரண்டு, அம்மாவுக்கும் இரண்டு. பெயர் மாறுவது எங்களுக்குச் செருப்பு மாற்றுவது மாதிரி.

"பேப்பர்ல திரி வின் அப்படியேதான இருக்கும்?" என்று அப்பா கேட்டார்.

"பேப்பரைத் தொடவே மாட்டேன். வீட்டுப் பேர் மட்டும்தான்."

"அப்ப என்ன, பேருதான," என்றாள் அம்மா. எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை. திரி வின் என்று டீச்சர் கூப்பிட்டால் நான் எழுந்து நிற்பேன், அவ்வளவுதான். காய்ச்சலில் கிடந்தபோது அம்மா கூப்பிட்டது வள்ளி. அவர் மேல்சட்டையை விட்டுவிட்டுத் தோலைக் கேட்கிறார் என்று தோன்றியது. அதைச் சொல்லத் தெரியாமல் அவர் கொண்டுவந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் போனில் மனைவியைக் கூப்பிட்டு என் முகத்துக்கு நேரே பிடித்தார். அந்த அம்மா அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்கள்.

"தலை வாரலியா இன்னும்?" என்றார்கள். எப்போதும் கேட்கிற ஒருத்தி கேட்கிற மாதிரி. "ஒன் ரூம்ல போர்வை மாத்தியாச்சு. வர்றப்ப ஜாக்கெட் போட்டுக்கிட்டு வா, இங்க குளிரு. அப்பா சாப்பிட்டாரா?"

பின்னால் ஒரு கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு சின்னக் கட்டில் தெரிந்தது, பதினொரு வயதுப் பிள்ளைக்கான கட்டில். நான் "சாப்பிட்டாரு," என்றேன். வேறு என்ன சொல்வது? போனை வைத்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிள்ளை இல்லேன்னு அவ ஒத்துக்கவே இல்ல. பிள்ளை ஊருக்குப் போயிருக்குன்னுதான் இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கா. வீட்டுல படையல் போட விடமாட்டா. அதனாலதான் இங்க வந்து படைக்கிறேன்," என்றார்.

பேப்பர் வேலை முடிய இரண்டு மாதம் ஆனது. இன்று சாயங்காலம் எங்களை அந்தக் கடைக்கே விருந்துக்குக் கூப்பிட்டார். அப்பா சமைத்துவிட்டு, சட்டை மாற்றிக்கொண்டு முன்பக்கமாக வந்து உட்கார்ந்தார். அந்த நாற்காலிகளில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. டோ ஸான் தட்டை அவர் முன்னால் வைத்து, குனிந்து வணங்கி, "ஐயா, எங்கள் சமையல்காரன் கொஞ்சம் மோசம், பொறுத்துக்கொள்ளுங்கள்," என்றாள். "உப்பு அதிகம். அவனை வேலையை விட்டுத் தூக்கு," என்றார் அப்பா. அம்மாகூடச் சிரித்தாள். அப்போதுதான் கவனித்தேன். மேஜையில் நான்கு தட்டுகள்தான் இருந்தன. நாங்கள் நான்கு பேர்.

"மாமா, லீலா அக்காவுக்குத் தட்டு வைக்கலியே?"

அவர் என் தலையைத் தடவினார். "எதுக்கும்மா? அவதான் வந்துட்டாளே."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "படையல நிறுத்தக்கூடாதுண்ணே. ஒரு வருஷம் நின்னாலும் கன்னி பசியோட அலையும்."

"உயிரோட இருக்கிற பிள்ளைக்கு யாராச்சும் படையல் போடுவாங்களா, தங்கச்சி?"

"அப்ப செத்தது யாரு?" என்றாள் அம்மா.

 அப்பா, "சும்மா இரு," என்று மட்டும் முணுமுணுத்தார். அம்மா விடவில்லை. "உங்க வீட்டுல லீலா உயிரோட இருக்கா. எங்க வீட்டுல வள்ளி இருக்கமாட்டா. நான் யாருக்குண்ணே தட்டு வைக்கிறது?" வெளியே மழை பிடித்துக்கொண்டது. அவர் அம்மாவைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"லீ..." என்று தொடங்கினார்.

"என்னப்பா," என்றேன்.

அவர் கூப்பிட்டு முடிக்கவில்லை. நான் யோசிக்கவும் இல்லை. என் அப்பா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவரும் நிமிர்ந்தார், என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்க்காமல் எதிரே பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு தட்டை நோக்கித் தலையைக் குனிந்துகொண்டார். நான் எழுந்து நின்றிருந்தேன். என் கை ஜன்னல் கொக்கியைத் திறந்திருந்தது. மழை உள்ளே அடித்தது.

 வீட்டுக்கு வந்த பிறகு அம்மா காரணமே இல்லாமல் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வள்ளி, தண்ணி குடிச்சியா. வள்ளி, பாயை இந்தப் பக்கம் போடு. வள்ளி, கதவைச் சாத்து. ஒவ்வொரு தடவையும் நான் "இதோம்மா" என்றேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "அங்க உயிரோட இருப்பா," என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அந்தக் கடையில் 'என்னப்பா' என்று சொன்னது யார் என்றுதான் இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன். பழக்கத்தில் என் வாய் சொன்னது என்றால், நான் ஏற்கெனவே பாதி போய்விட்டேன் என்று அர்த்தம். இல்லை, லீலாதான் சொன்னாள் என்றால், அவள் எதற்காகச் சொல்லியிருப்பாள்? இத்தனை வருஷமாக அந்த மேஜையில் அவளுக்கு ஒரு தட்டு இருந்தது. இன்று இல்லை. அவளுடைய அப்பா அவளுக்கு நேராக உட்கார்ந்துகொண்டு, இன்னொருத்தியைப் பார்த்து அவள் பெயரைச் சொல்கிறார். எனக்கு அவள்மேல் இருந்த பயம் இதை நினைத்ததும் வேறு மாதிரி ஆகிவிட்டது. இன்று இரவு அவள் பட்டினி. அவளும் ஒரு பிள்ளைதானே.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். நாளை மத்தியானம் அவர் கடைக்கு வருவார். அந்தச் சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு போவேன். லீலாவுக்கு நானே தட்டு வைப்பேன், ஆப்பிள் மசியல் கொஞ்சம் கூடவே. வைத்துவிட்டு, நான் வரவில்லை மாமா என்று சொல்வேன். உங்கள் மகளைப் பசியோடு விடாதீர்கள் என்றும் சொல்வேன். அவர் கெட்டவர் இல்லை; அதனால்தான் சொல்வது கஷ்டம். அப்பாவிடம் சொல்வது அதைவிடக் கஷ்டம். அவர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். ஒரு பெயரைக் கொடுத்தால் உயிரை வாங்கிக்கொள்ளலாம் என்று நம்பினார். அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருப்பேன்.

தப்பித்துவிட்டேன் என்று நினைக்காதே. அடுத்த மாசம் பதினெட்டு முடிந்ததும் என்னைப் பட்டாளத்துக்குக் கூப்பிடலாம். கூப்பிடாமலும் போகலாம். அண்ணன் போன வழியில் இருட்டில் நடக்க நேரலாம். இதை எழுதும்போது பயமாக இருக்கிறது. எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். ஆனால் இது என்னுடைய பயம். அந்த வீட்டுக் கட்டிலில் காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, பயமே இல்லாமல், தூக்கத்தில் சிரிக்கிற ஒருத்தி உன்னைப் பெறுவதைவிட, பயந்துபோன வள்ளி உன்னைப் பெறட்டும்.

நம் ஆட்கள் பிள்ளை பிறந்ததும் செத்தவர்களின் பெயரைத் தேடுவார்கள். உனக்கு அப்படி யாருடைய பெயரையும் வைக்கமாட்டேன். நீ வந்த பிறகு உன் முகத்தைப் பார்த்துத்தான் யோசிப்பேன். அதுவரை உன்னை மகளே என்று மட்டும் கூப்பிடுகிறேன். இருட்டில் யாராவது உன்னைக் கூப்பிட்டால், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்.

போன் வெளிச்சம் தெரிந்துவிட்டது போல. அம்மா புரண்டு படுக்கிறாள்.

"வள்ளி?"

 என் வாயில் வேறு யாராவது முந்திக்கொள்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

"நான்தாம்மா," என்றேன். "நான் போகலம்மா."

 அம்மா கொசுவலைக்குள் கையை விட்டு என் காலைப் பிடித்துக்கொண்டாள். இன்னும் விடவில்லை.